மூன்று இடத்தில் மூன்று கணக்கு: அம்மாவின் முதுகு எத்தனை டிகிரி?

வாசகர் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்துவரும் இயன்முறை மருத்துவர் பதில் சொல்கிறார்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேல்முதுகு வளைவைப் பற்றியவை. பீடி சுற்றுகிறவர்களும் தறியில் உட்காருகிறவர்களும் பாய் முடைகிறவர்களும் நிறைந்த சீமை இது. குனிந்தே பிழைப்பு நடக்கிற ஊரில் இந்தக் கவலை வராமல் இருக்காது. அதனால் இந்த இதழில் அதை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

*

என் அம்மாவுக்கு 61 வயது. 35 வருஷமாகப் பீடி சுற்றுகிறார். முதுகு வளைந்துகொண்டே வருகிறதே என்று போன வருஷம் எக்ஸ்ரே எடுத்தோம். 52 டிகிரி என்று எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாதம் பயிற்சி செய்தபின் வேறொரு இடத்தில் முதுகில் ஒரு கருவியை வைத்துப் பார்த்து 47 என்றார்கள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். போன வாரம் இன்னொரு இடத்தில் போன் ஆப்பை வைத்துப் பார்த்துவிட்டு 58 என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவே இல்லை. மூன்றில் எது நிஜம் அக்கா?
– ஒரு மகள், முக்கூடல்

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். 47-லிருந்து 58-க்கு அவர் முதுகு வளைந்துவிட்டது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. 52-லிருந்து 47-க்கு நிமிர்ந்தது என்றும் சொல்ல முடியாது. மூன்று இடத்திலும் அளந்தது ஒரே பொருள் இல்லை.

எக்ஸ்ரேயில் எழுதியிருப்பது காப் கோணம். நியூயார்க்கில் இருந்த எலும்பு மருத்துவர் ஜான் ராபர்ட் காப், பக்கவாட்டில் வளையும் முதுகை அளப்பதற்காக 1948-ல் விளக்கிய முறை. பிறகு கூனுக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பக்கவாட்டில் எடுத்த படத்தில், மேலே ஒரு முள்ளெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு, கீழே ஒரு முள்ளெலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு கோடு. இரண்டு கோடும் சந்திக்கிற கோணம்தான் அந்த எண். மார்புப் பகுதியில் மொத்தம் 12 முள்ளெலும்புகள். கீழ்க்கோடு 12-ஆவதில் விழும். மேல்கோட்டை முதலாவதில் போடலாம் என்றால் தோள்பட்டையின் நிழல் அதை மறைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் 4-ஆவதிலிருந்து தொடங்குவார்கள்.

இரண்டாவது இடத்தில் வைத்தது இன்க்ளினோமீட்டராக இருக்கும். கொத்தனார் சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பாரே, அதே சங்கதிதான். வைத்த இடம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். கழுத்துக்குக் கீழே ஒருதரம், மார்பு முதுகு முடிகிற இடத்தில் ஒருதரம் வைத்து இரண்டு சாய்வையும் கூட்டுவார்கள். இது எக்ஸ்ரே விட்டுவிட்ட மேல் மூன்று எலும்புகளையும் சேர்த்து அளக்கும். ஆனால் எலும்பின் உடலைத் தொடாது. தோலுக்கு அடியில் துருத்தும் முள்முனைகளின் மேலேயே போகும். வீட்டின் உள்சுவரை அளப்பதும் வெளிச்சுவரை அளப்பதும் ஒன்றாக வருமா? இரண்டும் அந்த வீட்டின் அளவுதான், இரண்டும் சரிதான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கக்கூடாது. 52-லிருந்து 47-ஐக் கழித்து 5 டிகிரி குறைந்தது என்று உங்களிடம் சொன்னவர் அதைத்தான் செய்திருக்கிறார். மூன்றாவது இடத்தில் வைத்த போன் ஆப்பைப் பற்றிக் கீழே வீரவநல்லூர் அண்ணாச்சிக்குச் சொல்லும் பதிலில் வரும்.

அப்புறம் அந்த எக்ஸ்ரே எப்படி எடுக்கப்பட்டது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நிற்கவைத்தா, ஒருக்களித்துப் படுக்கவைத்தா? படுத்தால் உடம்பின் எடை முதுகில் இறங்காது, வளைவு குறைந்து தெரியும். நின்று எடுத்திருந்தால் கை எங்கே இருந்தது? கை தொங்கினால் முதுகெலும்பை மறைக்கும் என்று சில இடங்களில் கையைத் தூக்கி ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்வார்கள். கை மேலே போனால் மேல்முதுகு தானாகவே நிமிரும். விரல்களை மடக்கிக் காறையெலும்பின் மேல், அதாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே முன்பக்கம் துருத்தும் எலும்பின் மேல், வைத்துக்கொள்ளச் சொல்லி எடுப்பது நல்லது. அடுத்தமுறை எடுக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 60 வயது தாண்டியவர்களுக்கு 6 மாதம் முறையாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. எக்ஸ்ரே கணக்கில் கிடைத்த முன்னேற்றம் சராசரியாக 3 டிகிரிதான். நல்ல பயிற்சி தரும் பலனே அவ்வளவு. நம் கையில் வரும் அளவுப் பிழை அதைவிடப் பெரியது. நாலு மாதத்தில் 5 டிகிரி குறைந்தது, ஏழு டிகிரி குறைந்தது என்று யாராவது சொன்னால், நான் முதலில் அளந்த கையைத்தான் பார்ப்பேன்.

என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். மேலப்பாளையத்திலிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் வந்தார். முதல்நாள் 54 என்று குறித்தேன். மூன்று மாதம் கழித்து 47. எனக்குத் தலைகால் புரியவில்லை. “நல்லா நிமிர்ந்துட்டீங்கம்மா” என்று சொல்லி அனுப்பினேன். அன்று மதியமே என்னுடன் வேலை பார்த்த பெண், பழைய குறிப்பைப் பார்க்காமல், மருந்து வாங்க நின்றிருந்த அவரைக் கூப்பிட்டு மறுபடி அளந்தார். 53. யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. முதல்நாள் “சும்மா நில்லுங்க” என்று சொல்லியிருந்தேன். மூன்று மாதம் கழித்து, “எங்கே, எப்படி இருக்கு பாப்போம்” என்றேன். சோதனை என்று தெரிந்ததும் அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுவிட்டார். பழைய 54 என் எதிரிலேயே எழுதியிருந்ததால் குறைந்த எண்ணை நம்ப நானும் தயாராக இருந்தேன். உடனே அவரை உட்காரவைத்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் சொல்லை நம்பிப் போனவர், குறைத்து வைத்திருந்த 600 பீடியை மறுபடி 1000 ஆக்கிவிட்டார் என்று அடுத்தமுறை வந்தபோதுதான் தெரிந்தது. அந்தக் குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். இனி ஒரே இடம், ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே நேரம். காலையில் அளந்தால் எப்போதும் காலையில்தான். சாயங்காலத்துக்குள் ஆள் உயரமே சுமார் 1 செ.மீ. குறைந்துவிடும், மத்தியானம் வரை பீடித்தட்டின் மேல் குனிந்துவிட்டு வந்த முதுகும், தூங்கி எழுந்து வந்த முதுகும் ஒன்றில்லை. மாதாமாதம் அளக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருதரம் போதும்.

எண்ணைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அந்த எக்ஸ்ரேயை எலும்பு மருத்துவரிடம் காட்டி, முள்ளெலும்பு ஏதாவது முன்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். 61 வயதுப் பெண்மணிக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது, டெக்ஸா என்பார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வளைவுக்கும், எலும்பு நசுங்கி வந்த வளைவுக்கும் டிகிரி ஒன்றாகவே இருக்கலாம். வைத்தியம் ஒன்றில்லை. நசுங்கியிருக்கிறது என்றால் தரையில் குனிந்து செய்கிற பயிற்சிகளை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

*

நான் பேட்டையில் தங்கிப் படிக்கும் இறுதியாண்டு பிசியோதெரபி மாணவன். நானும் என் நண்பனும் ஒரே ஆளை அடுத்தடுத்து அளந்தால் 8 டிகிரி வித்தியாசம் வருகிறது. புத்தகங்களில் இந்தக் கருவிகளின் நம்பகத்தன்மை 0.9-க்கு மேல் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் தப்பு எங்கள் கையிலா?
– ஒரு மாணவன், பேட்டை

தம்பி, கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. படித்து முடித்துப் பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

முதலில் அந்த 0.9. அது டிகிரிக் கணக்கில்லை. இருக்கிற ஆட்களுக்குள் இவர் வளைவு அதிகம், அவர் வளைவு குறைவு என்று அளவு எவ்வளவு சரியாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதற்கான எண். 20 டிகிரி முதுகுள்ள கல்லூரிப் பிள்ளைகளையும் 70 டிகிரி முதுகுள்ள பாட்டிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், கொஞ்சம் அசிரத்தையாக அளந்தாலும் 0.9 வந்துவிடும். அதே கையோடு உன் வகுப்பில் உள்ள 20 பேரை மட்டும் அளந்தால் அந்த எண் சரிந்துவிடும். கை மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். அதனால் கட்டுரையைப் படிக்கும்போது 0.9-ஓடு நிற்காதே. அளவுப் பிழை எத்தனை டிகிரி என்று தேடு. நோயாளியிடம் பேச உதவுவது அந்த எண்தான்.

அடுத்தவர் கட்டுரையில் இருக்கும் பிழை உன் பிழை ஆகாது. உன் பிழையை நீயே கண்டுபிடிக்கலாம், இரண்டு காலைப்பொழுது போதும். பத்துப் பேரை அளந்து எழுதி, தாளை மடித்து வேறொருவரிடம் கொடுத்துவிடு. மறுநாள் அதே நேரத்தில் அதே பத்துப் பேரை, முந்தின எண்ணைப் பார்க்காமல் அளந்து கழித்துப் பார். நான் செய்தபோது வந்த வித்தியாசங்கள் இவை: +1, -3, 0, +2, -4, +1, +5, -2, +3, -2. இவற்றின் திட்ட விலக்கம், அதாவது இந்த எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற கணக்கு, 2.85. அதை 1.96-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5.6. இதன் பொருள் என்னவென்றால், ஒரே ஆளிடம் 6 டிகிரிக்குக் குறைவாக மாறியதாக என் கை காட்டினால், மாறியது முதுகா கையா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன் கையும் நண்பன் கையும் சேரும்போது பிழை இன்னும் கூடத்தான் செய்யும். 8 வந்ததில் அதிசயம் இல்லை. அதைக் குறைக்கிற வழியைப் பார்.

பெரும்பாலான பிழை கருவியில் இல்லை, விரலில் இருக்கிறது. ஒரு எலும்பு தள்ளி வைத்தால் போதும். ஏழாவது கழுத்தெலும்பைப் பிடித்தால்தான் கீழே எண்ணிப் போக முடியும். நோயாளியை உட்காரவைத்துத் தலையைக் குனியச் சொல். கழுத்தடியில் இரண்டு மேடு தெரியும். இரண்டின் மேலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொள். இப்போது தலையைப் பைய மேலே தூக்கி, கொஞ்சம் பின்னால் சாய்க்கச் சொல். மேல் விரலுக்கு அடியில் இருந்தது நழுவி உள்ளே போகும், அது ஆறாவது. கீழ் விரலுக்கு அடியில் இருப்பது அசையாமல் நிற்கும், அது ஏழாவது. நழுவுகிற அந்த உணர்வு விரலுக்குப் பிடிபட எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது. அங்கிருந்து கீழே எண்ணு. அது போதாது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு இரண்டையும் தொட்டு நேர்க்கோடு போட்டால் நாலாவது இடுப்பு முள்ளெலும்புப் பக்கமாக வரும். அங்கிருந்து மேலே எண்ணு. மேலிருந்து வந்த 12-ஆவதும் கீழிருந்து வந்த 12-ஆவதும் ஒரே இடத்தில் சந்திக்கிறதா? சந்திக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. குறி வைக்கக் கண்மைப் பென்சில் நல்லது, தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சில் அழிந்துவிடும். கை எப்படித் தொங்கவிட்டு அளக்கப்போகிறோமோ அப்படியே தொங்கவிட்டுக் குறி வை. கையை அசைத்தால் தோல் நகரும், குறியும் நகரும்.

இங்கே ஒரு பொய்க்கணக்கு நடக்கும், கவனமாக இரு. முதல் அளவுக்குப் போட்ட குறியை அழிக்காமல் அதன் மேலேயே இரண்டாவது ஆளும் அளந்தால் எண்கள் அழகாக ஒத்துப்போகும். இடத்தைக் கண்டுபிடிக்கிற பிழைதான் பெரிய பிழை. அதைப் பரீட்சையிலிருந்தே எடுத்துவிட்டு முழு மார்க் வாங்குகிற மாதிரி ஆகிவிடும். அழித்துவிட்டு, நோயாளியை நாலு எட்டு நடக்கவிட்டு, திரும்ப நிறுத்தி, திரும்பத் தேடி, திரும்பக் குறி. மூன்று முறை அளந்து சராசரி எழுது. கருவியை நீ வை, எண்ணை இன்னொருவர் படித்து எழுதட்டும்.

நிற்கச் சொல்லும் வார்த்தையைக்கூட எழுதிவைத்துக்கொள். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் இருக்கிறது: “செருப்பக் கழத்திட்டு, ரெண்டு காலுலயும் சமமா, வீட்டுல எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க. எதுத்தாப்ல அந்தக் காலண்டரப் பாருங்க. மூச்ச விடுங்க.” மூச்சு வெளியே போய் அடங்கின நேரத்தில் அளப்பேன். 22 வருஷத்தில் பாதியை இந்த நாலு வரி இல்லாமல் கழித்துவிட்டேனே என்று வருத்தம் உண்டு.

இன்னும் இரண்டு, இவை நம் ஊருக்கானவை. வயசான அம்மாக்கள் ரவிக்கையைத் தளர்த்தக் கூசுவார்கள், அது நியாயம். ரவிக்கையின் மேலேயே தடவிப் பார்த்து எண்ணினால் அளவு தப்பாகும். பின்பக்கம் நாடா கட்டுகிற மாதிரி பருத்தியில் நாலு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். தையல்காரர் கேட்டது ஒன்றுக்கு 180 ரூபாய். கதவு அடைத்த அறை, கூட ஒரு பெண். தாலிக்கொடி கழுத்தடியில் சரியாக ஏழாவது எலும்பின் மேல்தான் கிடக்கும். கழற்றச் சொல்லாதே. முன்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். கழுத்தடியில் சதை திரண்டிருப்பவர்களுக்கு இன்க்ளினோமீட்டரின் கால் எலும்பில் உட்காராது, சதையில் மிதக்கும். அவர்களுடைய எண்ணுக்குப் பக்கத்தில் “சதை” என்று எழுதிவை, பின்னால் பார்க்கிறவருக்கு உதவும்.

*

40 டிகிரிக்கு மேல் போனால் நோய் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

இளவயதில் 20 முதல் 40 வரை இருப்பது வழக்கம். 40 தாண்டினால் கூடுதல் என்று பலர் கணக்கு வைக்கிறார்கள், 50 என்பவர்களும் உண்டு. வயது ஏறஏற எல்லாருக்கும் கொஞ்சம் கூடும். 70 வயதில் 45 இருந்து, வலியில்லாமல் வயலுக்குப் போய்வருகிறார் என்றால் அவரை நோயாளி ஆக்காதீர்கள்.

*

எனக்குத் தறிதான் தொழில். 30 வருஷமாகக் குழித்தறியில் இருக்கிறேன். அடிக்கடி பாளையங்கோட்டை வர முடியாது. போனில் வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? வேறு மலிவான வழி இருக்கிறதா?
– ஒரு நெசவாளி, வீரவநல்லூர்

அண்ணாச்சி, போனுக்குள் சாய்வை உணரும் சில்லு இருக்கிறது. இன்க்ளினோமீட்டர் செய்யும் வேலையை அதுவும் செய்யும். ஆனால் இப்போது வரும் போன்களின் ஓரம் வளைந்திருக்கிறது, கேமரா புடைத்திருக்கிறது, மேலே கவர் வேறு. தட்டையான ஓரத்தைத்தான் முதுகில் வைக்க வேண்டும், கவரைக் கழற்றிவிட வேண்டும். தொடங்குமுன் மேசையில் வைத்து 0 காட்டுகிறதா, தூக்குக்குண்டு விட்டு நிமிர்த்திய சுவரில் வைத்து 90 காட்டுகிறதா பாருங்கள். வைக்கும் கை உங்களுடையதாக இருக்க முடியாது, வேறொருவர் வேண்டும். போட்டோ எடுத்துக் கோணம் போடும் ஆப்புகளை நான் ஒத்துக்கொள்வதில்லை. நிற்கிற தூரம், போன் பிடித்த உயரம், போட்டிருக்கும் சட்டை எல்லாம் சேர்ந்து எண்ணை மாற்றிவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது வேறொன்று. இன்ஜினியரிங் வரைபடம் போடும் பிள்ளைகள் வளைகோடு வரைய வைத்திருக்கும் வளையும் ஸ்கேல், ஃப்ளெக்ஸிகர்வ் என்பார்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். உள்ளே ஈயப்பட்டை, வெளியே ரப்பர் மாதிரி உறை. வளைத்த வளைவில் அப்படியே நிற்கும். 60 செ.மீ. நீளமாவது வேண்டும், குட்டையானது இடுப்பு வரை எட்டாது. ஏழாவது கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு முடிகிற இடம் வரை முதுகில் வைத்து, இண்டு இடுக்கு இல்லாமல் அழுத்தி, ஸ்கேலில் மேலும் கீழும் குறி வைத்து, வளைவு கலையாமல் எடுத்துத் தாளில் படுக்கவைத்துப் பென்சிலால் ஓரமாக வரைய வேண்டும். பிறகு தாளில் மேல்குறியையும் கீழ்க்குறியையும் ஒரு நேர்க்கோட்டால் சேருங்கள். முதுகின் வளைவு அந்தக் கோட்டை நடுவில் ஓரிடத்தில் வெட்டும். அதற்கு மேலே இருப்பது கூன், கீழே இருப்பது இடுப்பின் உள்குழிவு. கூன் பகுதியின் நேர்க்கோட்டு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கோட்டிலிருந்து வளைவு மிக அதிகமாகப் புடைத்து நிற்கும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். புடைப்பை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கூன் குறியீடு. நீளம் 30, புடைப்பு 3.6 என்றால் 12. 13-க்கு மேல் போனால் கூடுதல் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. வயதானவர்களின் முதுகைப் பற்றி 1974-ல் மில்ன், லாடர் என்ற இருவர் எழுதியதிலிருந்து வந்த முறை இது.

இந்த முறை மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு, அது தாளினால் வந்தது. டிகிரி எழுதிய சீட்டில் எண் மட்டும்தான் இருக்கும். இதில் முதுகே தாளில் இருக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொரு தாள் வரைந்து, இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், எங்கே மாறியிருக்கிறது, மாறவில்லை என்று நெசவு தெரிந்த கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி, நேரம், வரைந்தவர் யார் என்று மூலையில் எழுதிவையுங்கள். உங்கள் வீட்டில் ஒருவரை அழைத்து வாருங்கள், இடம் பிடிக்க ஒரே ஒருநாள் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். பிறகு வீரவநல்லூரிலேயே நடக்கும். டிகிரிக்கும் இந்தக் குறியீட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள், இரண்டும் வேறு வேறு கணக்கு.

*

என் மகனுக்கு 14 வயது. கூன் போட்டே உட்காருகிறான். “இது கூனாவே நின்னுரும்” என்று ஆச்சி திட்டுகிறார். அளந்து பார்க்க வேண்டுமா?
– ஓர் அம்மா, பத்தமடை

உடனே அளக்க வேண்டாம். தரையில் பாயை விரித்துக் குப்புறப் படுக்கச் சொல்லி, நெஞ்சைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள். முதுகு நேராகிவிடுகிறதா? நேரானால் அது பழக்கத்தில் வந்த வளைவு. பையன் வளர்ந்துகொண்டிருக்கிறான், விளையாட விடுங்கள், அதுவே பாதி வைத்தியம். ஆச்சியிடம் திட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

படுத்தாலும் தூக்கினாலும் வளைவு விறைப்பாக அப்படியே நிற்கிறது, நிற்கவைத்துக் குனியச் சொல்லிப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று மடிகிறது என்றால் எக்ஸ்ரே தேவை. டென்மார்க் மருத்துவர் ஷாயர்மன் பெயரில் ஒரு நிலை உண்டு. வளரும் பருவத்தில் முள்ளெலும்புகள் முன்பக்கம் ஆப்பு மாதிரி வளரும். அடுத்தடுத்த மூன்று எலும்புகள் ஒவ்வொன்றும் 5 டிகிரி அல்லது அதற்கு மேல் ஆப்பாக இருந்தால் அதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். வளர்ச்சி முடியுமுன் தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது.

*

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். என் மனைவிக்கு 70 வயது. கல்யாணத்தின்போது என் காதுவரை இருப்பாள், இப்போது தோளுக்குக் கீழே நிற்கிறாள். எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டில் பார்க்க வழியுண்டா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

ஐயா, நீங்கள் உங்கள் தோளையே அளவுகோலாக்கிப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் முதுகும் அதே காலத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதால் உண்மையான வித்தியாசம் இன்னும் கூடவே இருக்கலாம். பழைய உயரம் எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இளவயது உயரத்தைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முள்ளெலும்பு நசுங்கியிருக்கக்கூடும் என்று சந்தேகப்பட வேண்டும்.

இப்போது சுவர். குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். முகவாயைத் தூக்காமல் நேராகப் பார்க்க வேண்டும். பின்தலை சுவரில் படுகிறதா? படவேண்டும். படாவிட்டால் இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கொண்டையை அவிழ்த்துவிட வேண்டும். கொண்டையே சுவரில் முட்டி நின்று, பின்தலை பட்டுவிட்டது போலக் காட்டியதையும், தலையை முன்னால் தள்ளிப் பொய்யாக இடைவெளி காட்டியதையும் இரண்டையும் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சுவராக இருந்து தரையோரம் புடைத்திருந்தால் கதவில் நிற்கவையுங்கள்.

அடுத்து, கையைத் தொங்கவிடாமல் முன்னால் நீட்டி நிற்கச் சொல்லி, பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவாக இடமிருந்தால் அதுவும் நசுங்கலின் அடையாளம்.

இந்த இரண்டில் எது தப்பினாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். லேசாகத் தடுக்கி உட்கார்ந்ததில், அல்லது குடம் தூக்கியதில் திடீரென்று நடுமுதுகில் வலி வந்தது, கால் மரக்கிறது, சிறுநீர் அடங்கவில்லை என்றால் நாள் பார்க்காமல் போங்கள். வளைவு வில் மாதிரி உருண்டு வராமல் ஓரிடத்தில் முழங்கை மாதிரி முட்டிக்கொண்டு நின்றாலும் அப்படியே. சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் கூட இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் பார்க்க வேண்டும். ஆங்கிலேய மருத்துவர் பெர்சிவல் பாட் அதை 1779-லேயே விவரித்திருக்கிறார். நம் பக்கம் அது இன்னும் வருகிறது, மருந்தில் குணமாகவும் செய்கிறது.

மருத்துவரிடம் போகும்போது, பத்து வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே ஏதாவது எடுத்திருந்தால் அந்தப் படத்தையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் எடுத்ததாக இருந்தால் புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமே வேண்டும். உறையின் மேல் தேதி அழிந்திருந்தால் உங்களுக்கு ஞாபகம் இருக்கிற வருஷத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.